எலி புராஸ்டேட் பருவமடையும்போது புரதங்கள் எப்படி மாறுகின்றன: லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் படித்து, விலங்கியலோ உயிர்வேதியியலோ எம்.எஸ்சி. முடித்து, பாலக்காட்டிலோ திருச்சூரிலோ ஒரு லேபில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். புரோட்டோகால் ஆங்கிலத்தில் இருக்கும், சீனியர் மலையாளத்தில் சொல்லித் தருவார், நீங்கள் தமிழில் யோசிப்பீர்கள். மூன்றுக்கும் நடுவில் சில முக்கியமான விஷயங்கள் விழுந்து தொலைந்துபோகின்றன. அவற்றை ஒரே இடத்தில் தமிழில் வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு சுரப்பியில் புரதத்தை அளப்பதும் வளர்ந்து முடிந்த சுரப்பியில் அளப்பதும் ஒன்றல்ல. எந்த மடல், எந்த நாள், கிடைத்த எண்ணை எதால் வகுத்தோம் என்ற மூன்று கேள்விக்கும் நோட்டில் பதில் இல்லையென்றால் எவ்வளவு அழகான ஜெல் (புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) ஓட்டினாலும் பயன் இல்லை. மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதற்கு நிதானமாக வருகிறேன்.

சுரப்பியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புராஸ்டேட் என்பது விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரக்கும் ஆண் சுரப்பி. மனிதனின் புராஸ்டேட் ஒரே திரளாக, உறைக்குள் இருக்கும். எலிக்கு (இங்கே எலி என்றால் ராட், சுண்டெலி அல்ல) அப்படி இல்லை. தனித்தனி மடல்கள்: மூத்திரப்பையின் கழுத்துக்கு முன்புறம் ஒட்டியிருக்கும் இரண்டு வென்ட்ரல் மடல்கள், மூத்திரக் குழாய்க்குப் பின்புறம் டார்சல், இரு பக்கமும் லேட்டரல், அப்புறம் விந்துப்பையின் உள்வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோஆகுலேட்டிங் சுரப்பி. டார்சலையும் லேட்டரலையும் பிரிப்பது சிரமம் என்பதால் பல லேப்களில் சேர்த்து எடுத்து டார்சோலேட்டரல் என்று எழுதுவார்கள். சேர்த்து எடுப்பது தப்பில்லை, ஆனால் சேர்த்துத்தான் எடுத்தோம் என்று எழுதவேண்டும்.

இது வெறும் உடற்கூறு விவரம் இல்லை, ஒவ்வொரு மடலும் சுரக்கும் புரதமே வேறு. வென்ட்ரலின் பெரிய புரதம் ஸ்டீராய்டுகளைப் பிடித்துக்கொள்ளும் ஒன்று. 1970-களில் பல குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்ததால் புராஸ்டேட்டீன், புராஸ்டேட்டிக் பைண்டிங் புரோட்டீன், எஸ்ட்ராமஸ்டின் பைண்டிங் புரோட்டீன் என்று பல பெயர்கள் ஒட்டிக்கொண்டன. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இவை எல்லாம் வேறு வேறு புரதம் என்று நினைத்துவிடாதீர்கள். சி1, சி2, சி3 என்று மூன்று வகைச் சங்கிலிகள். சி1-உடன் ஒரு சி3, சி2-உடன் ஒரு சி3 என்று டைசல்ஃபைடு பிணைப்பால் இரண்டு ஜோடிகள், அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் புரதம். டார்சோலேட்டரலின் அடையாளம் புரோபேசின், லிப்போகாலின் குடும்பத்தைச் சேர்ந்தது, எடை ஏறக்குறைய 20 கிலோடால்டன். டார்சலிலும் கோஆகுலேட்டிங் சுரப்பியிலும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நிறைய இருக்கும். விந்துப்பைப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இணைசேர்ந்த பிறகு பெண் எலியில் உருவாகும் அந்தக் கெட்டியான அடைப்பை ஆக்குவது இந்த நொதிதான். லேட்டரலில் துத்தநாகம் அதிகம்.

ஆக, ஒரு 25 நாள் எலியில் வென்ட்ரலோடு கொஞ்சம் லேட்டரலும் வந்துவிட்டு, 60 நாள் எலியில் சுத்தமாக வென்ட்ரல் மட்டும் வந்தால், நீங்கள் பார்க்கும் மாற்றம் வயதால் வந்ததல்ல, கத்தரியால் வந்தது.

எந்த நாட்களில் எடுப்பது

எலியின் புராஸ்டேட் கருவிலேயே, பிறப்பதற்குச் சில நாள் முன்பு, மொட்டுவிட ஆரம்பிக்கிறது. பிறந்த முதல் 2, 3 வாரங்களில் குழாய்கள் கிளைவிடுகின்றன, திடமான செல் நாண்களுக்கு நடுவில் துளை விழுகிறது. பிறந்தவுடன் டெஸ்டோஸ்டீரோன் ஒருமுறை எகிறி இறங்கும், பிறகு நாலு வாரம் போலத் தாழ்ந்தே இருக்கும், அதற்குப் பின் ஏற ஆரம்பித்து 60 நாளை ஒட்டி வளர்ந்த எலியின் அளவைப் பிடிக்கும். சுரப்பிக்குள் 5-ஆல்ஃபா-ரிடக்டேஸ் அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிறது, அதுதான் ஆண்ட்ரோஜன் ஏற்பியை இறுக்கமாகப் பிடிக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் 10, 25, 45, 90 என்று நாலு வயது போதும்: கிளைவிடும் காலம், அமைதியான காலம், ஏற்றத்தின் நடு, முடிவு. கைவசம் எலியும் அனுமதியும் இருந்தால் 35-ம் 60-ம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளை 0 என்று எண்ணுகிறீர்களா 1 என்றா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், லேபுக்கு லேப் இது மாறும்.

எல்லா எலியும் ஒரே நாளில் பருவமடைவதில்லை. ஆண்குறியின் முன்தோல் பிரிவது வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய அடையாளம், பெரும்பாலும் 40 முதல் 45 நாளுக்குள் நடக்கும். 45 நாள் எலிகளை வைத்திருந்தால் 36-ம் நாளிலிருந்து தினமும் மெதுவாகப் பாருங்கள், வலிந்து இழுக்கவேண்டாம். 45-ம் நாளில் ஒன்று பிரிந்தும் இன்னொன்று பிரியாமலும் இருந்தால் அந்தக் குழுவின் எண்கள் ஏன் சிதறிக் கிடக்கின்றன என்பதற்குக் காரணம் கையில் இருக்கும்.

இன்னொன்று, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒரே தாய், ஒரே பால், ஒரே கூண்டு. ஒரே தாயின் ஆறு குட்டிகளை எடுத்து ஆறு மாதிரி என்று கணக்குக் காட்டக்கூடாது. நான் சொல்வது இது: பிறந்த சில நாளில் ஈற்றை நாலு ஆண், நாலு பெண் என்று எட்டாகச் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு ஈற்றிலிருந்தும் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு ஆண். ஆறு தாய் எலி இருந்தால் நாலு வயதிலும் ஆறு ஆறு மாதிரி, எல்லாம் வேறு வேறு தாய்க்குப் பிறந்தவை. 10 நாள் மடல் ரொம்பச் சின்னது, ஒன்றை வைத்து எல்லா அளவையும் செய்யமுடியாது. அந்த வயதுக்கு மட்டும் சகோதரக் குட்டிகளைச் சேர்க்கவேண்டி வந்தால், சேர்த்த மொத்தத்தையும் ஒரே மாதிரியாக எண்ணுங்கள்.

அனுமதியும் எலியும் வெயிலும்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் படிவம் பி கொடுத்து ஒப்புதல் வாங்காமல் ஒரு எலியைக்கூடத் தொடக்கூடாது. 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ன் விதிகளும் இதைக் கட்டாயமாக்குகின்றன. எத்தனை எலி, ஏன் அத்தனை, எந்த முறையில் உயிர் போக்குவது எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்கவேண்டும். பத்து நாளுக்கு உட்பட்ட குட்டிகள் கார்பன் டைஆக்சைடைத் தாங்கிக்கொண்டு நெடுநேரம் உயிரோடு இருக்கும், அதனால் சின்னக் குட்டிகளுக்கு வேறு முறையைத் தனியாக எழுதி ஒப்புதல் வாங்குங்கள். இது படிவத்துக்காகச் சொல்வதில்லை, அந்த உயிருக்காகச் சொல்வது.

இந்தப் பக்கத்தில் திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தியில் இருக்கும் சிறுவிலங்கு இனப்பெருக்க நிலையத்திலிருந்து எலி வாங்குவது வழக்கம். வாங்கிய பிறகு குறைந்தது ஒரு வாரம் சும்மா விடுங்கள். பாலக்காட்டுக் கணவாயின் வெயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும், விலங்கு வீட்டில் ஏசி நின்றுபோனால் எலி தீனியைக் குறைக்கும், எடை குறையும், விரைகளும் சூட்டைத் தாங்காது. உங்கள் ஆய்வின் அடிப்படையே டெஸ்டோஸ்டீரோன் என்பதால் இது நேரடியாகக் கணக்கைக் கெடுக்கும். அறை 20 முதல் 24 டிகிரிக்குள் இருக்கட்டும், தினமும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை எழுதுங்கள், ஜெனரேட்டர் விலங்கு வீட்டுக்கும் இணைந்திருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். முடிந்தால் ஜூனில் மழை பிடித்த பிறகு ஈற்றைத் திட்டமிடுவதுதான் நல்லது. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. தீனியில் சோயா இருந்தால் அதில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் பொருட்கள் இருக்கும், நடுவில் கம்பெனியையோ பேட்ச்சையோ மாற்றாதீர்கள்.

மடலை எடுப்பது

எல்லா வயதையும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை 9 முதல் 11-க்குள் எடுங்கள், டெஸ்டோஸ்டீரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. உடல் எடை, பிறகு இதயத்திலிருந்து இரத்தம் (சீரம் பிரித்து வைத்தால் டெஸ்டோஸ்டீரோன் அளவிடலாம்), பிறகுதான் வயிறு.

அடிவயிற்றை நடுக்கோட்டில் திறந்ததும் மூத்திரப்பை தெரியும், நிறைந்திருந்தால் சிரிஞ்சால் காலிசெய்யுங்கள், மடலில் சிறுநீர் படக்கூடாது. வென்ட்ரலைத் தேடவே வேண்டாம், வளர்ந்த எலியில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். மூத்திரப்பையை மேலே தூக்கினால் ஆட்டுக்கொம்பு போல வளைந்த விந்துப்பைகள், அவற்றின் உள்வளைவில் பளபளப்பாக, ஒளி ஊடுருவுவதுபோல இருப்பது கோஆகுலேட்டிங் சுரப்பி. அதைக் கிழித்துவிடாமல் கவனமாக இருங்கள், உள்ளே இருப்பது வழிந்தால் பக்கத்து மடலெல்லாம் மாசுபடும். அதனால் முதலில் வென்ட்ரலை எடுத்துவிட்டு, பிறகு மற்றவை முழுவதையும் ஒரே கொத்தாக வெளியே எடுத்து, ஐஸ்மேல் வைத்த பெட்ரித் தட்டில், குளிர்ந்த உப்புக்கரைசலில், ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் பிரியுங்கள். 25 நாளுக்கு உட்பட்ட எலிக்கு மைக்ரோஸ்கோப் இல்லாமல் முயற்சியே வேண்டாம். கொழுப்பைச் சுத்தமாக நீக்குங்கள். சின்ன மடலில் கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருந்தாலும் எடையில் பெரிய பங்காகிவிடும்.

வடிதாளில் ஒற்றி, எடை பார்த்து, உடனே திரவ நைட்ரஜனில். ஒரு பக்க மடல் புரதத்துக்கு, மறுபக்கம் ஃபார்மலினில் திசுப் பிரிவுக்கு. இந்தத் திசுப் பிரிவை வேலைச்சுமை என்று தள்ளிவிடாதீர்கள், குழாய் நடுவில் சுரப்பு நிறைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது பின்னால் ஜெல்லைப் படிக்க ரொம்ப உதவும். நைட்ரஜன் கிடைக்காது என்று கவலைப்படவேண்டாம், பால்மாடு வளர்க்கும் ஊர் இது, மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர்கள் தூக்கிவரும் கேனில் இருப்பதும் அதே திரவ நைட்ரஜன்தான். கால்நடைத் துறை மூலம் எங்கே நிரப்புகிறார்கள் என்று விசாரித்தால் வழி கிடைக்கும்.

அரைப்பதும் அளப்பதும்

பஃபரில் புரோட்டியேஸ் தடுப்பான்கள் கட்டாயம், புராஸ்டேட்டே புரதத்தை வெட்டும் நொதிகளைச் சுரக்கும் உறுப்பு. அவற்றில் ஒன்றான பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் செயலிழந்துவிடும், காலையில் கலந்ததை மாலையில் பயன்படுத்தாதீர்கள், அரைப்பதற்குச் சற்று முன் சேருங்கள். டார்சலுக்கும் கோஆகுலேட்டிங்குக்கும் ஈடிடிஏ சேர்ப்பது நல்லது, டிரான்ஸ்குளூட்டமினேஸுக்குக் கால்சியம் வேண்டும், அதைப் பிடித்துவைத்தால் புரதங்கள் டியூபுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வது குறையும். அரைத்து, 4 டிகிரியில் 12,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் கரைசலை எடுங்கள். ஜி (சுழற்சி விசை) வேறு, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு, ரோட்டர் மாறினால் கணக்கும் மாறும்.

புரத அளவுக்கு ப்ராட்ஃபோர்டு (1976), லௌரி (1951), பிசிஏ என்று மூன்று வழி. பஃபரில் எஸ்டிஎஸ் போன்ற சோப்பு இருந்தால் ப்ராட்ஃபோர்டு ஆகாது. டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் அல்லது அதிக ஈடிடிஏ இருந்தால் லௌரியும் பிசிஏ-வும் தவறும். எந்த பஃபரோ அதே பஃபரில்தான் அளவுகோல் புரதத்தையும் (ஸ்டாண்டர்டு) கரைக்கவேண்டும். ஒரு வயதை ஒரு முறையிலும் மற்றதை இன்னொன்றிலும் அளக்காதீர்கள்.

இத்தோடு டிஎன்ஏ-வையும் அளந்துவிடுங்கள். டைபினைலமைன் முறை பழையது, மலிவானது, ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போதும். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

எதால் வகுப்பது

கணக்குக்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். 25 நாள் வென்ட்ரல் மடலில் மொத்தப் புரதம் 1 மி.கி., அதில் ஆக்டின் 5 சதவீதம், அதாவது 50 மைக்ரோகிராம். 60 நாளில் செல்கள் பத்து மடங்கு ஆகிவிட்டன, செல்லின் சொந்தப் புரதம் 10 மி.கி., அதில் அதே 5 சதவீதம் ஆக்டின், 500 மைக்ரோகிராம். ஆனால் இப்போது சுரப்பி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, குழாய்க்குள்ளும் செல்லுக்குள்ளும் இன்னொரு 10 மி.கி. சுரப்புப் புரதம் நிறைந்திருக்கிறது. மொத்தம் 20 மி.கி.

நீங்கள் வழக்கம்போல ஜெல்லின் ஒவ்வொரு கிணற்றிலும் (மாதிரி ஊற்றும் குழி) 20 மைக்ரோகிராம் ஏற்றுகிறீர்கள். 25 நாள் கிணற்றில் ஆக்டின் 1 மைக்ரோகிராம், 60 நாள் கிணற்றில் அரை மைக்ரோகிராம். பட்டை பாதியாகத் தெரியும். ஒரு மி.கி. புரதத்துக்கு என்று வகுத்தால் ஆக்டின் பாதியாகிவிட்டது, முழு மடலுக்கு என்று பார்த்தால் பத்து மடங்கு ஏறிவிட்டது, டிஎன்ஏ-வால் வகுத்தால், அதாவது ஒரு செல்லுக்கு என்று பார்த்தால், ஒன்றுமே மாறவில்லை. மூன்றும் ஒரே எலியின் ஒரே மடல்.

இதனால்தான் ஆக்டினையோ ட்யூபுலினையோ மாறாத அளவுகோல் என்று வைத்து மற்றதை அதால் வகுக்கும் பழக்கம் இந்த வேலையில் ஆபத்து. வயதோடு ஆக்டின் பங்கு இறங்கினால், அதால் வகுக்கப்பட்ட ஒவ்வொரு புரதமும் ஏறியதாகக் காட்டும். தசை செல்லுக்கும் சுரப்பு செல்லுக்கும் உள்ள விகிதமும் வயதோடு மாறுவதால் சிக்கல் இன்னும் கூடும். என் கருத்து: பிளாட்டில் (ஜெல்லிலிருந்து புரதங்களை மாற்றிய சவ்வில்) பொன்சோ சாயம் போட்டு மொத்தப் புரதத்தைப் படமெடுங்கள், முடிவை ஒரு மி.கி.-க்கு, ஒரு மடலுக்கு, ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ-வுக்கு என்று மூன்று விதத்திலும் அட்டவணையில் கொடுங்கள். உங்கள் கைடு ஏதாவது ஒரு விதம் போதும் என்று சொன்னாலும் உங்கள் நோட்டில் மூன்றும் இருக்கட்டும். மூன்றிலும் ஏறும் புரதம், வென்ட்ரலில் சி3 போல, அதுதான் உண்மையாகவே பருவமடைதலோடு ஏறுகிறது என்று தைரியமாகச் சொல்லக்கூடியது.

ஜெல்

சாதாரண 10 அல்லது 12 சதவீத ஜெல்லில் சி1, சி2, சி3 எல்லாம் சாய முனையோடு ஓடி மறைந்துவிடும். அவற்றுக்கு 15 சதவீதம் குறைந்தபட்சம், சின்னப் புரதங்களுக்கான டிரைசின் ஜெல் இன்னும் நல்லது. ஒரே மாதிரியை மெர்காப்டோஎத்தனால் சேர்த்தும் சேர்க்காமலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப்பாருங்கள், சேர்க்காததில் 20 கிலோடால்டன் ஒட்டி நிற்கும் ஜோடிகள் சேர்த்ததில் உடைந்து கீழே போவதைப் பார்க்கலாம். 10, 25 நாள் மாதிரியில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருந்து 90-ல் தடித்து நிற்பது இந்த வேலையின் மிக அழகான காட்சி, சாதாரண கூமாசி சாயத்திலேயே தெரியும்.

இருபரிமாண ஜெல் (புரதங்களை முதலில் மின்னூட்டத்தாலும் பிறகு எடையாலும் பிரிப்பது) என்றால் யூரியா கலந்த மாதிரியைச் சூடாக்கக்கூடாது, 37 டிகிரிக்கு மேல் போனால் யூரியா உடைந்து புரதத்தோடு சேர்ந்து புள்ளிகளை இடம்மாற்றும். ஏப்ரல் மாதத்து பாலக்காட்டில் பெஞ்சில் மறந்து வைத்தாலே போதும். வளர்ந்த எலியில் பெரிய சுரப்புப் புரதம் பக்கத்துப் புள்ளிகளை மூடிவிடும். அதை மறைந்துபோன புரதம் என்று எழுதிவிடாமல், அளவைக் குறைத்து இன்னொரு ஜெல் ஓட்டுங்கள். சில்வர் சாயம் நுண்ணியது, ஆனால் அளவை ஒப்பிட ஏற்றதல்ல.

வெட்டிய புள்ளிகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குத் திருவனந்தபுரம் அனுப்ப டிரை ஐஸ் தேடி அலையவேண்டாம், 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் மூடிய டியூபில் போகலாம்; அந்த லேப் எப்படிக் கேட்கிறதோ அப்படி. கையுறை, தலைக்கு மூடி இல்லாமல் வெட்டினால் பதிலில் மனிதக் கெரட்டின்தான் வரும்.

ஆன்டிபாடி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. புராஸ்டேட் என்றதும் பிஎஸ்ஏ (மனிதப் புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனையில் அளக்கும் புரதம்) ஞாபகம் வரும், ஆனால் எலிக்கு அந்த ஜீனே கிடையாது. எலித் திசுவில் பிஎஸ்ஏ ஆன்டிபாடி ஒரு பட்டை காட்டினால் அது வேறு ஏதோ காலிக்ரீன் (பிஎஸ்ஏ சேர்ந்த நொதிக் குடும்பம்) அல்லது வெறும் இரைச்சல். ஆண்ட்ரோஜன் ஏற்பி 110 கிலோடால்டனை ஒட்டி வரும், பெருகும் செல்களை அடையாளம் காட்டப் பிசிஎன்ஏ, அடித்தள செல்களுக்கு பி63. வளரும் காலத்தில் பெருகும் செல்கள் அதிகம், சுரப்பு நிலைபெற்றதும் குறையும். பெருக்கம், சுரப்பு என்ற இந்த இரண்டு கோடுகளும் ஒன்று இறங்கி ஒன்று ஏறி எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதுதான் உங்கள் ஆய்வின் நடுப்புள்ளி.

ஆண்ட்ரோஜன்தான் காரணமா

வயதோடு ஏறியது, டெஸ்டோஸ்டீரோனும் வயதோடு ஏறியது, ஆகவே அதுதான் காரணம் என்று எழுதமுடியாது. அதே வயதில் புரோலாக்டினும் வளர்ச்சி ஹார்மோனும்கூட மாறுகின்றன, லேட்டரல் மடல் புரோலாக்டினுக்கு இணங்கும். காரணத்தைக் காட்ட ஒரு குழுவுக்கு விரைநீக்கம் செய்யவேண்டும், இன்னொரு குழுவுக்கு நீக்கிவிட்டு டெஸ்டோஸ்டீரோன் கொடுக்கவேண்டும், மூன்றாவதுக்கு அறுவை மட்டும் செய்து விரையை விட்டுவிடவேண்டும். நீக்கினால் வென்ட்ரலில் ஸ்டீராய்டு பிடிக்கும் புரதம் விரைவாகச் சரியும், சில நாளிலேயே செல்கள் திட்டமிட்டுச் சாக ஆரம்பிக்கும், க்ளஸ்டரின் என்ற புரதம் ஏறும். இந்தக் க்ளஸ்டரினை ஹார்மோன் அடக்கிவைத்த புரதம் என்று மட்டும் படித்துவிடாதீர்கள், அது சாகும் திசுவின் அடையாளமாகவும் வருகிறது. எனவே நீக்கிய முதல், மூன்றாம், ஏழாம் நாள் என்று பிரித்து எடுங்கள், ஒரே ஒரு நாளை வைத்து முடிவு சொல்லாதீர்கள். இந்த மூன்று குழுவும் தனி எண்ணிக்கை, தனி வலிநிவாரணி, அதனால் முதல் படிவத்திலேயே இவற்றைச் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், நடுவில் திருத்தம் கேட்டால் குழு அடுத்த முறை கூடும்வரை குட்டிகள் காத்திருக்காது, வளர்ந்துவிடும்.